முலெம்பாவில் பிப்ரவரி பதினாறு

காசாமாவில் சிசாலாவைத் தெரியாத கம்ப்யூட்டர் இல்லை. மனிதர்களில்தான் பலருக்கு அவளைத் தெரியாது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பின்கட்டில், காலி மருந்து அட்டைகளுக்கும் ஓடாத குளிர்பெட்டிக்கும் நடுவில் அவள் மேசை. பதினோரு வருஷமாக அதே மேசைதான். வயது நாற்பத்திரண்டு. மூத்த பிள்ளை மலாமா என்பதால் எல்லோருக்கும் அவள் ‘பானா மலாமா’, அதாவது மலாமாவின் அம்மா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது சம்பளச் சீட்டு மட்டும்தான்.

சுற்றுப்பட்ட கிராமத்து மருத்துவ நிலையங்களில் நோயாளிகளின் விவரம் ஏறிக்கிடக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. பெரும்பாலும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிற வேலை. அப்டேட் போட்டால் நிற்கும், இன்ஸ்டால் போட்டால் பாதியில் விழும். மற்றவர்கள் எரரைக் கண்டதும் பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள், அல்லது எவனோ எங்கோ எழுதிவைத்த கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி இருந்ததையும் கெடுப்பார்கள். சிசாலா கடைசி வரி வரைக்கும் படிப்பாள். வறுத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பது மாதிரி நிதானமாகப் படிப்பாள். எரர் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. பேய், பிசாசு, செத்தவர் ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், “அதுக்குப் பதிவு ஃபைல் எங்க இருக்குன்னு சொல்லு, அழிச்சுடலாம்” என்பாள். அலுவலகத்தில் அவளுக்கு அந்த வாய்க்கொழுப்புக்கும் கொஞ்சம் பெயர் உண்டு.

அவளோடு அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொண்டவர் கபெம்புவா. இணையம் எட்டாத நிலையங்களுக்காக, தேவையான மென்பொருள் பேக்கேஜ்களை எல்லாம் ஒரு சின்ன டிஸ்க்கில் அடுக்கி, பட்டியல் எழுதி, தன் பெயரில் உள்ள மின்சாவியால் முத்திரை போடுவார். அந்த முத்திரை இல்லாத எதையும் பெட்டிகள் ஏற்காது. அவளும் ஏற்ற மாட்டாள். ஒருமுறை யாரோ கொண்டுவந்த டிஸ்க்கைச் செருகி ஒரு நிலையத்தின் மொத்தப் பதிவேடும் போன பிறகு இருவரும் சேர்ந்து போட்ட சட்டம் அது. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மாதம் ஒருவர் முலெம்பாவுக்குப் போக வேண்டும். மோட்டார் பைக்கில் மூன்று மணி நேரம். ஒரு மாதம் அவர் முறை, அடுத்த மாதம் அவள் முறை.

பிப்ரவரி பதினாறு அவள் முறை. அன்று போனவர் கபெம்புவா. பாதி வழியில், ஓடைப் பாலத்துச் சேற்றில் பைக் சறுக்கியது. பதினொரு மணிக்குள் முலெம்பா போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய ஆளைப் பன்னிரண்டு மணிக்கு மீன் லாரிக்காரர்கள் பாலத்துக்கு அடியில் கண்டார்கள்.

எங்கள் பெம்பா ஜனங்களில் ஒருவர் இறந்தால் அவர் பெயரை ஏற்க அவர் குலத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பாயில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவர்தான் இவர். இறந்தவரின் அண்ணன் இவருக்கு அண்ணன். இறந்தவரின் நண்பர்கள் இவரிடம் விட்ட பேச்சைத் தொடருவார்கள். அது நடக்கும்வரை இறந்தவரின் பொருளைத் தொடுவது முறையில்லை. வழக்கமாகச் சில மாதங்களில் முடிந்துவிடும். கபெம்புவா வீட்டில் யார் பெயரை ஏற்பது என்று இழுபறி. எட்டு மாதம் ஓடிவிட்டது. அவர் பையும் அதற்குள் இருந்த டிஸ்க்கும் எட்டு மாதம் வீட்டு உத்தரத்தில் தொங்கின. முலெம்பா நர்ஸும் தினப் பதிவு போடுவதோடு சரி, தன் பெட்டியில் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. “பெட்டி அவர் கை வச்சது. பெயர் எடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பினார்.

ஆவியை நம்பாத சிசாலா, “அதெல்லாம் சும்மா, நான் நாளைக்கே போறேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஜனங்களின் முறை அவளுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபரில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லா நிலையங்களும் வெள்ளிக்கிழமைக்குள் நோயாளிப் பட்டியலைப் புதிய முறையில் தர வேண்டும். தராத நிலையத்துக்கு அடுத்த மூன்று மாத மருந்து லாரியில் இடமில்லை. மற்ற ஊர்களுக்குப் புதுப்பெட்டிகள் வந்துவிட்டன. முலெம்பாவில் மட்டும் பழையது. அங்கே இருநூற்றுப் பதினான்கு பேர் தினம் மாத்திரை சாப்பிட்டு உயிர் வைத்திருப்பவர்கள். ஒரு நாள் விடக் கூடாத மாத்திரை. பட்டியலைப் புதிய முறையில் எழுதித்தரும் பேக்கேஜை இணையத்தில் தேடினாள். பழைய பெட்டிகளுக்கானதை எல்லாம் அங்கே தூக்கிவிட்டிருந்தார்கள். எந்த வாசலைத் தட்டினாலும் ‘இல்லை’ என்றே பதில். அலுவலகத்தில் இருந்த நகல் ஏப்ரல் இடியில் எரிந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது உத்தரத்தில் தொங்கிய டிஸ்க் ஒன்றுதான்.

நல்லவேளை, அந்தச் சனிக்கிழமைதான் பெயர் எடுத்து முடித்திருந்தார்கள். பெயரை ஏற்றவர் அக்காள் மகன் லெங்வே. நாற்பது வயது, உலர்ந்த மீன் வியாபாரி, கபெம்புவாவோடு அப்படி ஒன்றும் நெருங்கிப் பழகியவர் இல்லை. வருஷத்தில் பத்து மாதம் ஏரிக்கரையில் கிடப்பவர். புதன்கிழமை காலை ஆறரைக்கு அவரே டிஸ்க்கோடு பைக்கில் வந்து நின்றார்.

“ஏறுங்க பானா மலாமா. நானே கொண்டுபோய் விடுறேன்.”

“உங்களுக்கு எதுக்கு சிரமம் பா லெங்வே, வேற வண்டி பார்த்துக்கறேன்.” ‘பா’ என்பது எங்கள் பக்கத்தில் பெயருக்கு முன் வைக்கும் மரியாதைச் சொல்.

“லெங்வே இல்லைங்க இப்போ” என்றார் அவர், கோபம் இல்லாமல். “என் பொண்டாட்டியே பேரை மாத்திக் கூப்பிட ஆரம்பிச்சுட்டா.”

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவரை எந்தப் பெயராலும் கூப்பிடாமல் சமாளித்தாள். ஓடைப் பாலத்தில் அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, உருட்டிக்கொண்டு கடந்தார். அவள் தண்ணீரைப் பார்க்காமல் பின்னால் நடந்தாள்.

முலெம்பாவில் நர்ஸ் முசெங்கே வாசலிலேயே நின்றிருந்தார். கனத்த உடம்பு, கணீரென்ற குரல். பைக்கை விட்டு இறங்கிய லெங்வேயைப் பார்த்ததும் முழங்கால் மடக்கிக் கைதட்டி வணங்கினார்.

“பா கபெம்புவா, லேட்டா வர்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

“ரோடு சரியில்ல சிஸ்டர்” என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். சிசாலாவால் சிரிக்க முடியவில்லை. முறை அதுதான் என்று தெரியும். பேச்சும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

பெட்டியைப் போட்டாள். சூரியத்தகட்டில் ஓடும் சின்னப் பெட்டி. நர்ஸ் தினம் ஒன்றேகால் மணி நேரம்போல் போட்டு, பதிந்துவிட்டு அணைத்துவிடுவார். டிஸ்க்கைச் செருகி அப்டேட் தட்டினாள். எரர் வந்தது. வேர்க்கடலையை எடுக்கக் கை போகவில்லை.

‘இந்தப் பட்டியல் இன்னும் செல்லாது. செல்லுபடியாக ஒன்பது மணி நேரம் இருக்கிறது.’

பெட்டியின் தேதியைப் பார்த்தாள். பிப்ரவரி பதினைந்து, பகல் பன்னிரண்டு பத்து. காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. இந்தப் பெட்டியின் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. அணைக்கும்போது நின்ற இடத்திலிருந்துதான் மறுபடி போடும்போது ஓடும். தினம் ஒன்றேகால் மணி நேரம் ஓடினால், வெளியே எட்டு மாதத்துக்கு மேல் போனது அதற்குப் பதினாலு நாள்தான். தன் ஜனவரி முறைக்குக் கபெம்புவா தாமதமாக, கடைசியாக வந்து போனது பிப்ரவரி ஒன்று. பெட்டி அங்கிருந்து மெல்ல நடந்து பதினைந்துக்கு வந்திருக்கிறது. கபெம்புவா இந்த டிஸ்க்குக்கு முத்திரை போட்டது பதினைந்து இரவு ஒன்பதேகாலுக்கு.

பெட்டியின் கணக்கில் அவர் இன்னும் இந்தப் பட்டியலை எழுதவே இல்லை. காசாமாவில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார்.

“என்ன சொல்லுது?” என்றார் நர்ஸ்.

“தேதி தப்பு. சரிபண்ணிடலாம்.”

இன்றைய தேதியையும் மணியையும் வைத்தாள், அக்டோபர் இருபத்து மூன்று, காலை பத்து. அப்டேட் தட்டினாள். இப்போது வேறு எரர். ‘முத்திரையிட்ட சாவி காலாவதி. சாவியின் உரிமையாளர்: கபெம்புவா.’ சாவியின் ஆயுள் ஆகஸ்டில் முடிந்திருந்தது. அவர் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் நீட்டியிருப்பார்.

ஆகப் பிப்ரவரி பதினைந்து இரவுக்குப் பிறகு, ஆகஸ்டுக்கு முன்னால் ஏதாவது ஒரு தேதியில் பெட்டி இருந்தால்தான் இன்ஸ்டால் நடக்கும். முத்திரையைப் பார்க்காதே என்று கட்டளை போடவும் வழி உண்டு. அவள் அதை யோசிக்கவே இல்லை. மார்ச் வைத்திருக்கலாம், மே வைத்திருக்கலாம். அவள் விரல் பழையபடி பிப்ரவரிக்குப் போய், பதினைந்தைப் பதினாறாக்கி நின்றது. அது அவர் புறப்பட்ட தேதி. மணியை மாற்றவில்லை. வெளியேயும் பத்து, பெட்டியிலும் பத்து.

அப்டேட் ஓடத் தொடங்கியது. பழைய பெட்டி, பட்டியல் நீளம். முக்கால் மணிக்கு மேல் பிடித்தது. ஒரு எரரும் இல்லாமல் முடிந்தது. அதற்குள் நர்ஸ் சோளக்களியும் வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்த கீரையும் கொண்டுவந்து வைத்திருந்தார். சாப்பிட்டுக் கைகழுவி வந்து இன்ஸ்டால் தட்டினாள்.

‘பூட்டு கிடைக்கவில்லை. வேறொரு வேலை பிடித்து வைத்திருக்கிறது. நடத்துபவர்: கபெம்புவா.’

மணி பார்த்தாள். பதினொன்று மூன்று.

இந்த எரரை ஆயிரம் தடவை பார்த்தவள் அவள். இரண்டு வேலை ஒரே நேரத்தில் பேக்கேஜ்களைத் தொடக் கூடாது என்பதற்காக முதலில் வந்தவர் போடும் பூட்டு. பூட்டை அழித்துவிடு என்று எல்லா மடையர்களும் சொல்வார்கள். அழித்தால் பெட்டி பாதிவழியில் சாகும் என்று அவள் எல்லோரையும் திட்டுவாள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார், அவர்களை முடிக்க விடு. இதுதான் அவள் சொல்லிக் கொடுக்கும் பாடம். இன்று யார் பிடித்திருக்கிறார்கள் என்று திரை பெயரோடு சொல்கிறது.

“சிஸ்டர், வேற யாராவது இதைத் தொட்டாங்களா?”

“நீங்க என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. அவர் வெளிய மரத்தடியில. யார் தொடுவா?”

பெட்டிக்குள் இரண்டாவது திரை ஒன்று உண்டு. விசைகளை அழுத்தி அதற்குத் தாவினாள். அங்கே பிப்ரவரி பதினாறு பதினொரு மணிக்கென்று கபெம்புவா முன்கூட்டியே குறித்துவைத்திருந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. தான் வந்து சேரும் நேரத்துக்கு நோயாளிப் பதிவேட்டைக் கட்டி எடுத்துத் தயாராக வைக்கும் வேலை. அவள் முறைக்கும் தானே வரவேண்டியிருக்கும் என்று ஒன்றாம் தேதியே நினைத்திருக்கிறார் போலும். முக்கால்வாசி முடித்து, ஒரு கேள்வியோடு நின்றிருந்தது. அவசரப்பட்டு நர்ஸ் பெட்டியை அணைத்துவிடக் கூடாது என்று அவர் எழுதிவைத்த கேள்வி.

‘கபெம்புவா வந்தாச்சா? ஆம் / இல்லை.’

நர்ஸ் அவள் தோளுக்கு மேல் படித்தார். வெளியே மேகம் கூடி அறை இருட்டிக்கொண்டு வந்தது. சூரியத்தகடு இனி உதவாது. பேட்டரியில் பாதிக்கும் கீழே. பதிவேடு அரைகுறையாகக் கட்டியிருக்கும்போது வேலையைக் கொன்றால் இருநூற்றுப் பதினான்கு பேரும் கிழிந்த காகிதமாகப் போவார்கள். காத்திருந்தாலும் பேட்டரி இறங்கி அதே கதி.

“ஆம்னு தட்டுங்க” என்றார் நர்ஸ்.

சிசாலா ‘இல்லை’ என்று தட்டினாள்.

‘சரி. இருபது நிமிஷம் கழித்துக் கேட்கிறேன்’ என்றது திரை.

“என்ன பண்ணிட்டீங்க? உங்களுக்குக் கிறுக்கா?”

“அவர் வரல சிஸ்டர். பன்னிரண்டு மணிக்குப் பாலத்துக்கு அடியில எடுத்தாங்க.”

“இன்னைக்கு வந்தாரே. நான் கைதட்டி வணங்கினேனே. ஊரே பெயர் கொடுத்துச்சு, உங்க ஒருத்திக்குத்தான் கொடுக்க மனசில்ல.”

ஒரு வார்த்தை தட்டினால் போதும். பெட்டிக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் இந்தக் காரியத்தில் அவள் ஏற்கெனவே ஒரு பொய்யைப் போட்டிருந்தாள். அந்தப் பொய்யின் மேல் இன்னொன்றை, அதுவும் அவரே கேட்கும் கேள்விக்கு, அவர் சாகும் நேரத்தில் நின்றுகொண்டு தட்ட விரல் வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எரருக்குப் பயந்தாள்.

பேட்டரி முப்பது சதவீதம். இருபத்தைந்து. நர்ஸ் ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே பெஞ்சில் மூன்று பெண்கள் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி திரும்ப வந்தது. ‘கபெம்புவா வந்தாச்சா?’

சிசாலா எழுந்து வாசலுக்குப் போனாள். மரத்தடியில் அவர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பா கபெம்புவா.”

உடனே திரும்பினார்.

“உள்ள வாங்க. உங்களைக் கேக்குது.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டே பழகாதவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கே தட்டுவது என்று கேட்கவில்லை. ஒற்றை விரலால், தடுமாறாமல், ‘ஆம்’ என்று தட்டினார்.

வேலை நகர்ந்தது. பதிவேடு கட்டி முடிந்தது, பூட்டு விட்டது. சிசாலா நின்றபடியே குனிந்து இன்ஸ்டால் தட்டினாள். பேக்கேஜ் ஒவ்வொன்றாகப் பிரிந்து, இடம் பிடித்து, பெயர் சொல்லி அமர்ந்தது. பேட்டரி பதினாறு சதவீதத்தில் புதிய முறைப் பட்டியல் டிஸ்க்கில் ஏறியது. இருநூற்றுப் பதினான்கு பெயரையும் நர்ஸ் விரல் வைத்து எண்ணினார். பிறகு சிசாலா கடிகாரத்தில் இன்றைய தேதியை வைத்தாள். இருநூற்றைம்பது நாள் ஒரு தட்டலில் போயிற்று. திரையில் ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க்கைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

புறப்படும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது. பைக் பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“பா கபெம்புவா, அன்னைக்கு என் முறை. உங்களை அனுப்பினது நான்.”

“தெரியும்.”

“என்னை மன்னிக்கணும்.”

அவர் டிஸ்க்கைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். “மலாமாவுக்கு அன்னைக்குக் காய்ச்சலே இல்லைன்னும் தெரியும். மழையில போக உனக்கு அலுப்பா இருந்துச்சு. ஃபோன்ல குரலைக் கேட்டப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் போனேன்.”

காலையிலிருந்து நீங்க என்று பேசியவர் நீ என்றார். பிப்ரவரி பதினாறு விடிகாலை ஆறு மணிக்கு அவள் ஃபோனில் சொன்ன பொய் அது. கேட்டவர் ஒரே ஒருவர். அவள் புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை. லெங்வே அன்று ஏரிக்கரையில், ஃபோன் எட்டாத இடத்தில் இருந்தார். வலை போட்டுக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள்தான் சேதி தெரிந்தது என்று இழவு வீட்டில் அவரே எல்லோரிடமும் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

“அடுத்த மாசம் யார் முறை?” என்றார் அவர், வண்டியை உதைத்துக் கிளப்பியபடி.

“என் முறை” என்றாள் சிசாலா. “நான்தான் வருவேன்.”

அவர் தலையசைத்தார். அவள் டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.